சென்னை ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) பக்கம் மாத வாடகைக்கு ஸ்கூட்டி எடுக்கும் மாணவர்கள் கவனத்துக்கு

நாவலூர், சிறுசேரி, படூர், கேளம்பாக்கம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "மாணவர்களுக்கு மாத வாடகையில் பைக், ஸ்கூட்டி" என்று கரண்ட் கம்பத்துக்குக் கம்பம் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். வாட்ஸ்அப் குழுக்களிலும் அதே படம் சுற்றும். அப்படி ஒரு கடையில் என்னுடைய 5,000 ரூபாய் அட்வான்ஸும் பிளஸ் டூ மார்க் ஷீட்டும் மாட்டிக்கொண்டன. மார்க் ஷீட் திரும்பி வந்துவிட்டது. பணம் இன்னும் வரவில்லை.

பகலில் எங்கள் பக்கத்து பஸ்ஸைக் குறை சொல்ல மாட்டேன். பிராட்வேக்கு 102, தி.நகருக்கு 19, கோயம்பேட்டுக்கு 570. கூட்டம் இருக்கும், ஆனால் போய்விடலாம். கிண்டியில் இன்டர்ன்ஷிப் கிடைத்த பிறகுதான் சிக்கல். வேலை முடிந்து வெளியே வரவே ராத்திரி பத்தாகிவிடும். அந்த நேரத்தில் ஆப்பில் ஆட்டோ போட்டால் அது ஒரு தொகை காட்டும், உடனே டிரைவர் போன் செய்து, "மேல எவ்ளோ போட்டுத் தருவீங்க?" என்பார். மாதவரம்–சிறுசேரி சிப்காட் மெட்ரோவுக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அது ஓடுவதற்குள் நான் டிகிரி வாங்கி ஊருக்கே போய்விடுவேன். அதனால்தான் ஸ்கூட்டி.

வாடகை மாதம் 4,500, அட்வான்ஸ் 5,000. கடைக்காரர் லைசென்ஸைப் போட்டோ எடுத்துக்கொண்டார். அப்புறம், ஏதாவது ஒரு சர்டிபிகேட் ஒரிஜினலாக வேண்டும் என்றார். ஆதார் ஜெராக்ஸ் போதாதா அண்ணா என்று கேட்டேன்.

"ஜெராக்ஸை வச்சு நான் என்ன பண்றது தம்பி? பசங்க வண்டியோட ஊருக்குப் போயிடுறாங்க. மார்க் ஷீட் இங்க இருந்தா எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் பொறுப்பு. வச்சிட்டுப் போங்க."

ரசீது கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றார். வந்தது கடையின் விசிட்டிங் கார்டு.

கொஞ்ச நாளில் திருவான்மியூர் பக்கம் வாகனச் சோதனையில் நிறுத்தினார்கள். நம்பரைத் தட்டியதும் அபராத பாக்கி வரிசையாக வந்தது: ஹெல்மெட் போடாதது, சிக்னலில் நிற்காதது, எல்லாமே நான் வண்டி எடுப்பதற்கு முந்தைய தேதிகள். ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) வேறு மாவட்டத்துக்காரர் ஒருவர் பெயரில் இருந்தது. கடைக்காரருக்குப் போன் போட்டால், "வாடகை வண்டின்னு வாயைத் திறந்துடாதீங்க தம்பி, ஃப்ரெண்டு வண்டின்னு சொல்லுங்க" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று ரூமுக்கு வந்து தேடினபோதுதான் புரிந்தது. நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு விடும் வண்டிக்குக் கறுப்பு நம்பர் போர்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளை போர்டில் கறுப்பு எழுத்து இருந்தால் அது சொந்த உபயோக வண்டி, வாடகைக்கு விடக்கூடாது. போலீஸ் அபராதத்தைக்கூட விடுங்கள். சொந்த உபயோக வண்டியின் இன்சூரன்ஸ் பாலிசியிலேயே, வாடகைக்கு ஓடினால் பொருந்தாது என்று எழுதியிருக்கிறது. யார் மீதாவது இடித்துவிட்டால் கம்பெனி கையை விரிக்கலாம். ஓட்டினது நாம், நஷ்ட ஈடு லட்சக்கணக்கில் நம் அப்பா தலையில் வந்து விழும். நான் பார்த்த மாத வாடகை வண்டிகளில் பெரும்பாலானவை வெள்ளை போர்டுதான். எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டால் என்ன வகை வண்டி, இன்சூரன்ஸ் எதுவரை இருக்கிறது என்று தெரிந்துவிடும். அபராத பாக்கியைப் பரிவாகன் இ-சலான் தளத்தில் பார்க்கலாம்.

மாதம் முடிந்ததும் வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். எடுத்த அன்றே நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்திருந்தேன், அதனால் தைரியமாகத்தான் போனேன். அவர் நேராகக் குனிந்து, கால் வைக்கும் பலகைக்கு அடியில் கையை விட்டு, "இங்க உடைஞ்சிருக்கே" என்றார். பார்த்தால் ஒரு விரல் நீள விரிசல். புதிதாக உடைந்த பிளாஸ்டிக் என்றால் ஓரம் வெளுத்திருக்கும். இதில் கிரீஸும் செம்மண்ணும் சேர்ந்து இறுகிப்போயிருந்தது. நகத்தால் சுரண்டியும் வரவில்லை. அதைக் காட்டினால் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. லேமினேட் செய்த விலைப்பட்டியல் ஒன்றை மேஜையிலிருந்து எடுத்தார். பேனல் 3,800, கூலி 700, வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் ஐந்து நாளுக்கு வாடகை 750. மொத்தம் 5,250. "அட்வான்ஸ் போக 250 குடு, மார்க் ஷீட்டை வாங்கிட்டுக் கிளம்பு."

கணக்கு அட்வான்ஸை ஒட்டியே வந்ததைக் கவனியுங்கள். அட்வான்ஸ் மூவாயிரமாக இருந்திருந்தால் பேனல் விலையும் குறைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ரூம்மேட்டின் பெரியப்பா செங்கல்பட்டில் வக்கீல். "போன்ல வாய்ச்சண்டை வேணாம்பா, எழுத்துல அனுப்பு" என்றார். அவர் சொன்னபடியே, என் அசல் சான்றிதழைப் பிடித்து வைத்திருப்பது பற்றி நாளை காலை காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப்போகிறேன் என்று, வண்டி எண், பணம் அனுப்பிய ஜிபே விவரத்தோடு வாட்ஸ்அப் செய்தேன். அன்று சாயந்திரமே கடைப் பையன் டீக்கடை வாசலில் வந்து மார்க் ஷீட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். அந்த 250-ஐ யாரும் கேட்கவில்லை.

பணத்துக்காக 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். நடக்கவில்லை என்றால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இப்போதைக்கு ஆபீஸில் பேசி வேலை நேரத்தை முன்னால் தள்ளிக்கொண்டு, எம்.டி.சி.யின் (மாநகரப் போக்குவரத்துக் கழகம்) 1,000 ரூபாய் மாதப் பாஸில் போய்வருகிறேன். என் வகுப்புப் பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் அதுவும் தேவையில்லை.

இப்போது இப்படி வாடகை வண்டி வைத்திருப்பவர்கள், சர்டிபிகேட் கடையில் இருந்தால், வாடகை பாக்கி இல்லாத நேரமாகப் பார்த்து இந்த மாதமே கேட்டு வாங்கிவிடுங்கள். கேட்கப் போகும் முன் பலகைக்கு அடியிலும் மட்கார்டுக்கு உள்ளேயும் டார்ச் அடித்து வீடியோ எடுத்து, கடைக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள்.