பாளையங்கோட்டை லென்ஸ் அண்ணாச்சி: வீடியோவில் போகஸ் நிற்காதவர்கள் ஏற வேண்டிய மாடி

பழைய லென்ஸ்களைப் பழுது பார்க்கிற இந்தக் கடைக்குப் போர்டு கிடையாது. ஊசிக்கோபுரம் என்கிற சர்ச் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற ஒரு தெருவில், தையல் கடைக்கு மேலே, மரப்படி ஏறினால் ஒரே அறை. பேரை எழுத வேண்டாம் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். அதனால் எழுதவில்லை.

நான் வள்ளியூர்ப் பக்கம் கல்யாணமும் கோயில் கொடையும் வீடியோ எடுக்கிறவன். தொழில் படித்தது பானாசோனிக் எம் 9000-ஐத் தோளில் வைத்து. அதில் ஜூமை முழுக்க இழுத்து, முகத்துக்குப் போகஸ் வைத்து, பிறகு ஜூமை விரித்தால் போகஸ் அப்படியே நிற்கும். கை அதற்கே பழகிவிட்டது. இப்போதைய கேமராவோடு வந்த போட்டோ ஜூமில் அதே வேலையைச் செய்தால், ஜூம் நகர நகர போகஸும் நழுவுகிறது. போகஸ் வளையத்தில் சாக்பீஸால் குறி வைத்தும் பார்த்தேன். அந்த வளையத்துக்கும் உள்ளே இருக்கும் கண்ணாடிக்கும் நேரடித் தொடர்பே இல்லை, மோட்டார்தான் நகர்த்துகிறது. வேகமாகத் திருப்பினால் அதிகம் ஓடும், மெதுவாகத் திருப்பினால் கொஞ்சம். குறி எப்படித் திரும்பி வரும்?

அதனால்தான் நிக்கான் 50 எம்.எம். பழைய மேனுவல் லென்ஸ் ஒன்றைப் பழசாக வாங்கி, ஆன்லைனில் வந்த அடாப்டரோடு, அதாவது லென்ஸையும் கேமராவையும் இணைக்கிற இடை வளையத்தோடு, மாட்டினேன். முதல் வேலை ஒரு சுடலைமாடன் கொடை. நடுச்சாமத்தில் சாமி வேட்டைக்குக் கிளம்பும்போது, சாமிகொண்டாடிப் பெரியவர் தீப்பந்தத்தோடு தூரத்தில் ஒரு தடவை திரும்பி நின்றார். போகஸ் வளையத்தைக் கோடி வரை திருப்பியும் அவர் முகம் அவுட். அடுத்த மாசம் பெரியவர் காலமாகிவிட்டார். அந்தக் காட்சியை இன்றுவரை அழிக்க மனசு வரவில்லை.

ஒரு சர்வீஸ் கடையில், கேமராவுக்குள் படம் விழுகிற சென்சாரைச் சுத்தம் பண்ணணும் என்று 1,800 ரூபாய் வாங்கினார்கள். கோளாறு அப்படியே இருந்தது. பிறகுதான் இந்த மாடி ஏறினேன்.

அண்ணாச்சி லென்ஸை உடனே தொடவில்லை. கேமராவை என் கையிலேயே கொடுத்து, "வியூபைண்டர்ல எழுத்து தெளிவா தெரியுதா, பாரும்" என்றார். படத்தை அல்ல, ஓரத்தில் இருக்கிற எண்களை. மங்கலாக இருந்தது. பைக்குள் உரசி உரசி, கண் பக்கத்துச் சின்னச் சக்கரம் சுற்றிப் போயிருந்தது. எண்கள் கூர்மையாகும் வரை அதைத் திருப்பி, மேலே ஒரு துண்டு டேப் ஒட்டினார். இத்தனை நாள் வெயிலில் வியூபைண்டரை நம்பி எடுத்ததில் போகஸ் நழுவியது என் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் அதுதான்.

அடுத்து மொட்டை மாடி. ஊசிக்கோபுரத்து உச்சியைப் பெரிதாக்கி வைத்துவிட்டு, வளையத்தைக் கோடிக்குத் திருப்பச் சொன்னார். உச்சி தெளியவே இல்லை. "லென்சு நல்லாத்தான் இருக்குவே. நடுவுல உள்ள வளையம்தான் தடிமன்" என்று சொல்லிக் கீழே வந்து, நுண்ணளவு பார்க்கிற வெர்னியரை எடுத்தார். நிக்கான் லென்ஸ் சென்சாரிலிருந்து 46.5 மில்லிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். என் சோனி கேமராவின் இ மவுண்ட்டில், அதாவது லென்ஸ் மாட்டுகிற வாயில், அங்கிருந்து சென்சாருக்கு 18. அப்படியானால் அடாப்டர் 28.5 இருக்க வேண்டும். என்னுடையது கிட்டத்தட்ட 28.62. நூல் பிசகுதானே என்றேன். 50 எம்.எம். லென்ஸுக்கு அந்த நூல் பிசகு போதும், சுமார் 20 மீட்டருக்கு அப்பால் எதுவும் கூராக வராது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். பெரியவர் நின்றது அதற்கும் அப்பால்.

கண்ணாடித் தட்டில் எமரித் தாள் ஒட்டி, அடாப்டரின் முன் வளையத்தை மட்டும் கழற்றித் தேய்த்தார். நாலு இடத்தில் அளப்பார், மறுபடி தேய்ப்பார். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் படத்தின் ஒரு ஓரம் அவுட் ஆகிவிடுமாம். அவர் அவசரப்படாமல் செய்ததைப் பார்க்கவே ஆறுதலாக இருந்தது. லென்ஸின் பழைய கிரீஸையும் மாற்றினார். வளையம் இப்போது ஒரே சீராக, கனமாகச் சுற்றுகிறது.

மூன்றாவது குறை என்னிடம் இருந்தது. போகஸ் ஆன இடத்தைக் கேமரா திரையில் நிறம் பூசிக் காட்டுகிற பீக்கிங் கலர் முகத்தில் தெரிந்தால் போகஸ் சரி என்று நம்பியிருந்தேன். "அது விளிம்பைத்தான் காட்டும்வே. வேட்டிச் சரிகையும் மின்னும், கண்ணு மின்னாது" என்றார். அளவைக் குறைந்த நிலைக்கும், கலரைச் சிவப்பிலிருந்து நீலத்துக்கும் மாற்றினார். கொடைப்பந்தலில் சிவப்பு பல்பும் குங்குமமும்தானே நிறைந்திருக்கும். லென்ஸின் துவாரத்தை 1.8-இல் திறந்தால் இரண்டு மீட்டரில் நிற்கும் ஆளுக்கு அரைச் சாண் ஆழம்தான் தெளிவு, 4-க்கு மூடினால் ஒரு சாண் என்றும் சொன்னார். சாமியாடுகிறவர் ஓரடி முன்னே வைத்தாலே போச்சு. இப்போது நான் கூடுதலாக ஒரு லைட் கொண்டுபோய் 4-இல்தான் எடுக்கிறேன்.

மொத்தக் கூலி 650 ரூபாய், இரண்டு நாள். பில் தரமாட்டார், போன் எடுக்கமாட்டார். மோட்டார் வைத்த புது லென்ஸ்களைக் கையால் தொடுவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுவார். கல்யாண சீசனில் நெருக்கடியோடு போனால் ஏமாற்றம்தான். எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. வாங்குகிற காசுக்கு என்ன செய்தார் என்று அளந்து காட்டுகிற ஆளை இந்த ஜில்லாவில் நான் வேறு பார்த்ததில்லை.

போகிறவர்கள் காலை 11 மணிக்கு மேல் போங்கள், கோபுரத்தைப் பார்க்க வெளிச்சம் வேண்டும். அடாப்டரைக் கழற்றாமல், கேமராவோடு சேர்த்தே கொண்டுபோங்கள். போகஸ் போன வீடியோ ஒன்று கார்டில் இருந்தால் நல்லது, முதலில் அதைத்தான் கேட்பார்.