பெருமன்றமா, வாலிபர் சங்கமா? வடசென்னையிலிருந்து ஓர் ஒப்பீடு

வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் இடதுசாரி இளைஞர் அமைப்பில் சேர நினைப்பவருக்கு இரண்டு கதவுகள் தெரியும்: அனைத்திந்திய இளைஞர் பெருமன்றம், இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம். முன்னது இந்திய கம்யூனிஸ்ட் கட்சி (சிபிஐ) வழி, பின்னது மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி (சிபிஎம்) வழி என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஆனால் இரண்டும் பிறந்த காலம் வேறு. அந்த வேறுபாடு நம் ஏரியாவில் இன்றும் செல்லுபடியாகிறது.

பெருமன்றம் 1959 மே மாதம் டெல்லியில் தொடங்கியது. கம்யூனிஸ்ட் கட்சி உடையாத காலம் அது. இந்தி நடிகர் பால்ராஜ் சாஹ்னியும், பிற்பாடு கேரள முதல்வரான பி.கே.வாசுதேவன் நாயரும் அதன் தொடக்கத்தில் முன்னின்றார்கள். அன்றைய பெரம்பூரில் ஆலைக்குள் போன பையனுக்கு அரசியல் கற்றுத்தரத் தொழிற்சங்கம் இருந்தது. சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918லேயே இங்கே உருவாகிவிட்டது. இளைஞர் அமைப்பின் தேவை அவ்வளவாக உறைக்கவில்லை.

1964இல் கட்சி பிளந்தது. சிபிஎம் பக்கத்து இளைஞர்கள் மாநிலவாரியாகத் தனித்தனி அமைப்புகளில் இருந்தார்கள். தமிழ்நாட்டில் அது சோஷலிஸ்ட் வாலிபர் முன்னணி. இவை ஒன்றுசேர்ந்துதான் 1980 நவம்பரில் லூதியானாவில் வாலிபர் சங்கம் ஆயின. கொடியும் செங்கொடி இல்லை, வெள்ளையில் சிவப்பு நட்சத்திரம். கட்சிக்காரராக இருக்க வேண்டியதில்லை, வேலை கேட்கும் எவரும் வரலாம் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. பெருமன்றத்திலும் அந்தக் கட்டாயம் இல்லைதான். ஆனால் தெருவை மையமாக வைத்துக் கிளை கட்டுவதில் வாலிபர் சங்கம்தான் முந்தியது என்பது என் கணிப்பு. 1996இல் பெரம்பூரின் பி அண்ட் சி துணி ஆலை மூடப்பட்ட பிறகு இளைஞர்களைச் சேர்த்துப் பேச ஆலை வாசல் இல்லை, தெருதான் மிச்சம். ரத்ததானம், குடிநீர், ரேஷன் என்று இறங்குகிற அமைப்புக்கே அங்கே மரியாதை.

வேலை என்ற கேள்வியில் மட்டும் பெருமன்றத்தின் பக்கம் சாய்கிறேன். பகத்சிங் பெயரில் தேசிய வேலை உறுதிச் சட்டம் வேண்டும் என்று அது கேட்கிறது. 2017இல் அதே சிபிஐ வழி மாணவர் அமைப்பான மாணவர் பெருமன்றத்தோடு சேர்ந்து கன்னியாகுமரியிலிருந்து பகத்சிங் நினைவிடம் உள்ள உசைனிவாலா வரை பயணமும் நடத்தியது. 'அனைவருக்கும் வேலை' என்ற வாலிபர் சங்க முழக்கம் பெரியது. சட்டமாகக் கேட்பது அதைவிடக் கூர்மையானது. 18 வயதில் ஓட்டு என்ற இளைஞர் அமைப்புகளின் பழைய கோரிக்கையும் முழக்கமாக நின்றுவிடாமல், அரசியல் சட்டத் திருத்தமாகி 1989இல் நடைமுறைக்கு வந்தது.

மார்க்சிய-லெனினியக் குழுக்களுக்கும் இளைஞர் அமைப்புகள் உண்டு. அவற்றைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

மணலியிலும் எண்ணூரிலும் ஒப்பந்தக்கூலியாக உழைக்கும் தம்பி என்னிடம் கேட்டால், உன் தெருவில் கிளை இருக்கும் வாலிபர் சங்கத்தில் சேர் என்பேன். சேர்ந்ததும் வேலை உறுதிச் சட்டத்தைத் தீர்மானமாகக் கொண்டுவா, பெருமன்றத்துத் தோழர்களையும் கூப்பிட்டு ஒரே மேடையில் பேசு என்றும் சொல்வேன்.