ஓசி ஸ்லெண்டரா, காசு கொடுத்த ஸ்லெண்டரா?

பூச்சாண்டி ஒருவன்தான், கேம் இரண்டு. கோட்டு சூட்டு போட்டு, முகமே இல்லாமல், ஒட்டடைக்குச்சி மாதிரி நிற்கும் ஸ்லெண்டர்மேனை 2009-ல் எரிக் நட்சன் இணையத்தில் உருவாக்கி விட்டார். 2012-ல் மார்க் ஹாட்லி அவனை வைத்து ‘ஸ்லெண்டர்: தி எயிட் பேஜஸ்’ என்ற கேமை இலவசமாகக் கொடுத்தார். அடுத்த வருடமே அவர் புளூ ஐல் ஸ்டுடியோஸ் என்ற கேம் நிறுவனத்தோடு சேர்ந்து செய்த ‘ஸ்லெண்டர்: தி அரைவல்’ வந்தது. இது காசுக்கு.

எயிட் பேஜஸில் கதை என்று ஒன்றும் கிடையாது. இருட்டு, வேலி போட்ட காடு, கையில் ஒரு டார்ச். எட்டுத் தாள்களைத் தேடி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் முதல் தாளை எடுத்ததும் ‘தொம்... தொம்...’ என்று ஒரு சத்தம் தொடங்கும் பாருங்கள், அங்கே பிடிக்கும் வயிற்றுக் கலக்கம் கடைசிவரை விடாது. தாள் கூடக் கூட அவனும் நெருங்கி வருவான். அவனைப் பார்த்தால் திரை இரையும், அதிக நேரம் பார்த்தால் ஆட்டம் முடிந்தது. எனவே எதைக் கண்டு பயப்படுகிறோமோ அதைத் திரும்பிப் பார்க்கவும் முடியாது. டார்ச் பேட்டரி வேறு தீர்ந்துகொண்டே இருக்கும். பத்து நிமிடத்தில் செத்துப்போய், திட்டிக்கொண்டே மறுபடி தொடங்குவோம்.

அரைவல் பார்க்க அழகு, அதில் சந்தேகமே இல்லை. தொடக்கமும் அருமை. சாலையில் மரம் விழுந்து கிடக்கிறது. நாம் ஆடும் பாத்திரமான லாரன் காரை விட்டு இறங்கித் தோழி கேட்டின் வீட்டுக்கு நடக்கிறாள், நடக்க நடக்கப் பொழுது சாய்கிறது. வீட்டில் ஆள் இல்லை, சுவரெல்லாம் கிறுக்கல். இந்தப் பதினைந்து நிமிடத்தில் ஸ்லெண்டர்மேன் ஒன்றுமே செய்வதில்லை, பயம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

அப்புறம்தான் சொதப்பல். அடுத்த பகுதி அதே எட்டுத் தாள் வேட்டை, புதுச் சாயம் பூசி. அதற்கடுத்து ஒரு சுரங்கம்: ஆறு ஜெனரேட்டரை ஓட விட்டால்தான் லிஃப்ட் நகரும். நடுவில் இன்னொரு உருவம் துரத்தும், டார்ச்சை அதன்மேல் அடித்தால் தடுமாறும். பேயை டார்ச் அடித்து விரட்டலாம் என்று தெரிந்த பிறகு எங்கே பயம்? ஜெனரேட்டர் தேடி அலைவது எலக்ட்ரீஷியன் வேலை மாதிரி ஆகிவிட்டது எனக்கு. போதாததற்கு வழியெங்கும் கடிதங்களும் குறிப்புகளும். யார் காணாமல் போனார்கள், ஏன் போனார்கள் என்று பூச்சாண்டிக்கு ஜாதகமே கணித்துக் கொடுக்கிறார்கள்.

முதலில் வெளியானபோது ஐந்தே பகுதிகள், இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பின்னால் ஸ்டீம் என்ற இணைய கேம் கடைக்கு வந்தபோது கூடுதல் பகுதிகளைச் சேர்த்தார்கள். 2023-ல் அன்ரியல் என்ஜின் 5 என்ற புதிய கேம் உருவாக்கும் மென்பொருளுக்கு மாற்றிப் பளபளப்பும் ஏற்றினார்கள். கேமின் நீளமோ கிராபிக்ஸோ எனக்குக் குறையாகப் படவில்லை என்பதால் இவற்றால் என் ஏமாற்றம் தீரவில்லை.

சின்ன கேம் என்றாலே ஏமாற்று என்பவர்களுக்கு 2022-ல் டேவிட் ஷிமான்ஸ்கி செய்த ‘அயர்ன் லங்’ நல்ல பதில். ரத்தக் கடலுக்குள் ஒரு குட்டி நீர்மூழ்கி. ஜன்னலை அடைத்துவிட்டார்கள், வரைபடத்தில் எண்களைப் பார்த்து ஓட்டி, பொத்தானை அழுத்திப் புகைப்படம் எடுத்தால்தான் வெளியே என்ன இருக்கிறது என்றே தெரியும். மொத்தம் ஒரு மணி நேரம்தான் இருக்கும். வாங்கியதற்கு ஒரு பைசா வருத்தமில்லை.

சரி, இரண்டு ஸ்லெண்டரில் எது? எயிட் பேஜஸை ராத்திரியில் ஹெட்போன் மாட்டி ஆடுங்கள். அரைவலை ஸ்டீம் தள்ளுபடியில் மலிவாகக் கிடைத்தால் வாங்கி, கேட்டின் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். சுரங்கத்தில் மூன்றாவது ஜெனரேட்டரோடு நிறுத்திக்கொண்டாலும் பெரிதாக எதையும் இழக்கமாட்டீர்கள்.