டாக்டர் உரையா, புதன்கிழமை தடுப்பூசி வரிசையா?

கோத்தகிரிப் பக்கம் எங்கள் அரசுப் பள்ளியில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குழந்தை மருத்துவத் துறையைக் காட்ட இரண்டு வழிகளையும் செய்து பார்த்துவிட்டோம். ஒன்று, குழந்தைநல டாக்டரை வரவழைத்துப் பேச வைப்பது. இன்னொன்று, புதன்கிழமை தடுப்பூசி நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போவது. இனி இரண்டாவதைத்தான் தொடரப் போகிறோம்.

டாக்டர் உரைக்கு அலைச்சல் இல்லை. பள்ளி முழுக்க உட்கார்ந்து கேட்கலாம். நீட், பயிற்சிக் காலத்தோடு எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, அப்புறம் எம்.டி. மூன்று ஆண்டு என்று கணக்கு தெளிவாகிவிடும். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருப்பதும், ஊட்டியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருப்பதும் டாக்டர் வாயால் கேட்டால் பெற்றோர் மனதில் நிற்கும்.

ஆனால் கூட்டம் கலைந்ததும் பாதிப் பேர் 'நமக்கு நீட் வராது' என்று இந்தத் துறையையே கைகழுவி விடுகிறார்கள். குழந்தை மருத்துவம் என்றால் டாக்டர் மட்டும்தான் என்று பதிந்துவிடுகிறது. என்னைப் பொறுத்தவரை இந்த ஒன்றுக்காகவே இரண்டாவது வழி மேல்.

தடுப்பூசி நாளில் பிள்ளைகள் பார்ப்பது பல வேலைகளை. மருந்தாளுநர் தடுப்பூசிக் குளிர்பெட்டியில் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று பார்த்து எழுதி வைக்கிறார். நர்சம்மா மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்து, லேபிளில் வட்டத்துக்குள் இருக்கும் சின்னச் சதுரத்தைக் காட்டுகிறார்: சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால்தான் போடலாம், சூடு பட்டால் கறுத்துவிடும். ஆறு வாரக் குழந்தையின் தொடையில் ஊசி போட்டுவிட்டு, அடுத்தது பத்தாவது வாரம், பதினாலாவது வாரம் என்று அந்தத் தாயிடம், இங்கே படுகர் மக்கள் பேசும் படுகு மொழியில் சொல்கிறார். அரை மணி நேரம் உட்கார வைத்துத்தான் அனுப்புகிறார்.

"இவங்க நீட் எழுதினவங்களா மிஸ்?" என்று ஒரு மாணவி கேட்டாள். இல்லை. கிராம சுகாதாரச் செவிலியருக்கு இரண்டு ஆண்டுப் படிப்பு, நர்சிங் டிப்ளமோ மூன்று ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. முத்தடுப்பு ஊசி தயாரிக்கும் பாஸ்டர் நிலையம் 1907 முதல் நம் குன்னூரில்தான் இருக்கிறது என்றதும், நுண்ணுயிரியல் படித்தாலும் குழந்தைகளுக்காக வேலை செய்யலாம் என்பது அவர்களுக்கே புரிந்தது. வீட்டில் படுகு மொழி பேசும் பிள்ளைக்கு, தன் மொழிக்கே இந்த வேலையில் இடம் இருக்கிறது என்று தெரிவது சின்ன விஷயமில்லை.

பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நாங்கள் கூட்டிப் போனதில்லை. தொற்று பயம் இருக்கும் இடம், அதைப் பரிந்துரைக்க மாட்டேன். போய் வந்த பிள்ளைகள் இன்னும் ப்ளஸ் ஒன்னில்தான் இருக்கிறார்கள் என்பதால் யார் எதில் சேர்வார்கள் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. டாக்டர் உரையை அடியோடு விடவும் வேண்டாம். போய் வந்த பிறகு வைத்தால் கேள்விகள் நன்றாக வரும்.

மருத்துவ அலுவலரிடம் முன்பே பேசி, ஏழெட்டுப் பேராகப் பிரித்துப் போங்கள். சளி, காய்ச்சல் உள்ள பிள்ளை வர வேண்டாம், குழந்தைகளைப் படம் எடுக்கக் கூடாது. ஐப்பசி மழையில் நம் சாலைகளில் மண் சரியும், அதற்குள் முடித்துவிடுங்கள். எப்படியும் ப்ளஸ் ஒன்னில் குரூப் எடுக்கும் முன் போய் வந்தால்தான் பயன்.