முகம் கொடுக்காத வீடு: ஜும்பா லாஹிரியின் 'எ டெம்பரரி மேட்டர்'

ஐந்து நாளைக்கு, தினமும் இரவு எட்டு மணியிலிருந்து ஒரு மணி நேரம் கரண்ட் இருக்காது. பனிப்புயலில் விழுந்த லைனைச் சரிசெய்ய வேண்டும், தற்காலிகமான விஷயம்தான். பாஸ்டனில் வசிக்கும் ஷோபா, ஷுகுமார் தம்பதி வீட்டுக்கு இப்படியொரு அறிவிப்பு வருவதோடு கதை தொடங்குகிறது. 1998இல் 'நியூயார்க்கர்' இதழில் வெளியான கதை இது. அடுத்த ஆண்டு 'இன்டர்ப்ரட்டர் ஆஃப் மேலடீஸ்' தொகுப்பின் முதல் கதையாக வந்தது. 2000இல் அந்தத் தொகுப்புக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. தொகுப்பில் ஒன்பது கதைகள். இந்த ஒன்றுக்காகவே புத்தகத்தை வாங்கலாம். இருபது சொச்சம் பக்கம், ஒரே மூச்சில் முடிந்துவிடும். முடிவைத் தொடாமல் இந்தக் கதையைப் பற்றிப் பேச வழியில்லை. படிக்காதவர்கள் கதையை முடித்துவிட்டு வருவது நல்லது.

பேச்சு நின்றுபோன தாம்பத்தியத்தை எழுதுபவர்கள் பெரும்பாலும் சண்டையில்தான் ஆரம்பிப்பார்கள். பாத்திரம் பறக்கும், கதவு அறையப்படும். இந்த வீட்டில் அப்படி எதுவும் இல்லை. ஷுகுமார் பால்டிமோருக்கு ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்த செப்டம்பர் மாதத்தில், குறித்த தேதிக்கு மூன்று வாரம் முன்பே ஷோபாவுக்கு வலி எடுத்துவிட்டது. நஞ்சுக்கொடி பலவீனமாகியிருந்தது. சிசேரியன் செய்தும் குழந்தை பிழைக்கவில்லை. அவனுக்குப் போக மனமில்லை. போய்த்தான் ஆக வேண்டும் என்று வற்புறுத்தி அனுப்பியவள் அவளேதான். இப்போது மார்ச். நடுவில் ஓடிய ஆறு மாதத்தில் யாரும் யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அங்கேதான் கோளாறு.

ஊடலை உப்புக்கு ஒப்பிட்ட மரபு நம்முடையது. அளவோடு இருந்தால் ருசி, மிஞ்சினால் கெடுதல். ஆனால் ஊடலுக்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும். கோபப்படுகிறவள் யார் மேல் கோபப்படுகிறாள் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஷோபாவும் ஷுகுமாரும் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். மூன்று படுக்கையறை வீட்டில் ஒருவர் ஒரு மாடியில் இருந்தால் மற்றவர் இன்னொரு மாடியில். அவன் சமைக்கிறான்; இருவரும் ஆளுக்கொரு அறையில் சாப்பிடுகிறார்கள். யாரும் யாரையும் புண்படுத்துவதில்லை. முகம் கொடுத்துப் பேசுவது என்று நாம் சொல்கிறோமே, அது மட்டும் இல்லை.

நடந்ததை எதிர்கொள்ளாத இந்த மறுப்பை மனசுக்குள் நடக்கும் ஒன்றாக எழுதினால் கதை புகை மாதிரி கலைந்துவிடும். லாஹிரி அதைச் சாமான்களில் வைக்கிறார். ஷோபா எதற்கும் முன்கூட்டியே தயாராக இருப்பவள். அலமாரி நிறையப் பாஸ்தா, மூட்டை மூட்டையாகப் பாசுமதி, வெட்டிப் பையில் போட்டு உறைய வைத்த ஆட்டுக்கறி. சமையல் புத்தகத்தில் ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில், அதை இருவரும் முதன்முதலாகச் சேர்ந்து சாப்பிட்ட தேதியைக் குறித்து வைத்திருக்கிறாள். செப்டம்பருக்குப் பிறகு அவள் சமையலறைப் பக்கம் வருவதில்லை. அந்தத் தேதிகளைப் பார்த்துப் பார்த்து ஷுகுமார்தான் சமைக்கிறான். புதிதாக எதுவும் வந்து சேரவில்லை, இருப்புதான் கரைகிறது. இந்தக் கல்யாணம் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான கணக்கு கதையில் வேறு இல்லை. அதை ஆசிரியர் ஓர் இடத்திலும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இன்னொன்று குழந்தைக்காகத் தயார் செய்த அறை. ஷோபாவை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வருவதற்கு முன்பே தொட்டிலையெல்லாம் கழற்றிவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த முயலையும் வாத்தையும் சமையல் கரண்டி ஒன்றால் சுரண்டி எடுத்திருக்கிறான் ஷுகுமார். ஜனவரியில் அதே அறைக்குள் மேஜையைப் போட்டு ஆய்வேட்டோடு உட்கார்ந்துவிடுகிறான். ஏன் அந்த அறை? ஷோபா அந்தப் பக்கம் வரமாட்டாள் என்பதால். துக்கத்தைத் தொடக்கூடாது என்பதற்காகத் துக்கத்துக்குள்ளேயே குடியேறிவிட்ட ஆள். படிக்கிறவர் ஒரு விநாடி நின்றுவிட்டுப் போக வேண்டிய வரி இது.

கரண்ட் போன முதல் இரவு பிறந்தநாள் மெழுகுவத்திகளைக் கொளுத்துகிறார்கள். இந்தியாவில் பாட்டி வீட்டில் விளக்கு அணைந்தால் ஆளாளுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும் என்பது ஷோபாவின் ஞாபகம். இதுவரை சொல்லாத ஒன்றை ஒருவருக்கொருவர் சொல்வோம் என்கிறாள். அங்கிருந்து கதையின் வேலைப்பாட்டைக் கவனிக்க வேண்டும். முதல் இரவில் அவள் சொல்வது: அவன் அறையில் தனியாக இருந்த முதல் நாளே, தன் பெயரை எழுதி வைத்திருக்கிறானா என்று அவன் முகவரிப் புத்தகத்தைப் புரட்டினாள். அவன் சொல்வது: முதன்முதலாகச் சேர்ந்து ஹோட்டலுக்குப் போன அன்று சர்வருக்கு டிப்ஸ் வைக்க மறந்துவிட்டான், இவளைத்தான் கட்டிக்கொள்வோம் என்ற நினைப்பில் மறந்தது. இரண்டுமே காதல் காலத்துக் கதை, இனிப்பு. அடுத்தடுத்த இரவுகளில் தித்திப்பு குறைகிறது. மாமியார் வந்திருந்தபோது ஆபீஸில் வேலை என்று பொய் சொல்லிவிட்டு அவள் தோழியோடு வெளியே போனது. கல்லூரிப் பரீட்சையில் அவன் காப்பி அடித்தது. கல்யாண நாள் பரிசாக அவள் வாங்கித் தந்த ஸ்வெட்டரைக் கடையில் திருப்பிக் கொடுத்து, அந்தக் காசில் பட்டப்பகலில் குடித்தது. துறைத் தலைவரோடு அவன் பேசிக்கொண்டிருந்தபோது மோவாயில் ஒட்டியிருந்ததைச் சொல்லாமல் வேடிக்கை பார்த்தது. அவன் எழுதி அச்சான ஒரே கவிதை அவளுக்குப் பிடிக்கவே இல்லை என்பது.

இந்த வரிசையில் இல்லாத ஒன்றைத் தேடுங்கள். இத்தனை ரகசியத்திலும் செப்டம்பர் மாதம் எங்கேயும் வராது. மனம் திறந்து பேசினால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இவர்கள் திறக்கத்தான் செய்கிறார்கள், திறக்க வேண்டிய கதவை விட்டுவிட்டு வீட்டின் மற்ற எல்லாக் கதவையும். பேச்சே ஒளிந்துகொள்ளும் இடமாகிவிடுகிறது. பேசாமல் இருந்த ஆறு மாதத்தைவிட இது கெட்டிக்காரத்தனமான மறுப்பு. எதுவும் மறைக்கப்படாதது போலவே இருக்கிறது.

இரண்டு பேரும் ஆடுவது ஒரே ஆட்டம் இல்லை என்பதுதான் மையம். ஷுகுமார் ஒவ்வொரு இரவும் ஒரு படி திரும்பி வருவதாக நினைக்கிறான். மூன்றாம் இரவு முத்தம், நான்காம் இரவு மாடி ஏறிப் படுக்கை. அவனுடைய கணக்கில் எல்லாம் சரியாகிக்கொண்டிருக்கிறது. ஷோபா அதே படிகளில் வெளியே இறங்கிக்கொண்டிருக்கிறாள். சின்ன உண்மைகளைச் சொல்லிச் சொல்லிப் பெரிய ஒன்றைச் சொல்ல வாயைப் பழக்குகிறாள். முதல் முறை படிக்கும்போது நாமும் ஷுகுமாரோடு சேர்ந்து ஏமாறுகிறோம், கதை அவன் கண் வழியாகவே போவதால். இரண்டாம் முறை அவளை மட்டும் பார்த்துக்கொண்டு படித்தால் அது வேறு கதை.

ஐந்தாம் நாள் லைன் முன்னதாகவே சரியாகிவிட்டதாக இன்னொரு அறிவிப்பு. சாப்பாட்டுக்குப் பிறகு ஷோபா மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டு விளக்கைப் போடுகிறாள். இதைச் சொல்லும்போது தன் முகத்தை அவன் பார்க்க வேண்டுமாம். தனக்கென்று ஒரு வீடு பார்த்துவிட்டாள். அன்று வரும் வழியிலேயே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. ஆனால் சொல்லும்போது அவள் அவனைப் பார்ப்பதில்லை. ஒத்திகை பார்த்த வசனம் என்று அவனுக்கே தெரிகிறது. முகத்தைக் காட்டுகிறாள், முகம் கொடுக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை இவ்வளவு சின்ன அசைவில் பிடித்த வேறு கதைகள் குறைவு.

பதிலுக்கு ஷுகுமார் சொல்வதைத்தான் வாசகர்கள் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பிறப்பது ஆணா பெண்ணா என்பது பிறக்கும்போது தெரிந்தால் போதும் என்று இருந்தவள் அவள். அவன் ஊர் திரும்பி நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழந்தையைக் கையில் வாங்கியிருந்தான் என்பது அவளுக்குத் தெரியாது. பையன் என்கிறான். நிறம், தலைமுடி, எடை என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான். இரவில் அவள் விரல் மடங்கியிருப்பது போலவே குழந்தையின் விரலும் மடங்கியிருந்தது என்கிறான். இது பழிவாங்கலா, கொடையா? இரண்டும்தான் என்று படுகிறது. காயப்படுத்தும் எண்ணம் இல்லாவிட்டால் அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்க மாட்டான். அன்பு இல்லாவிட்டால் விரல் ஞாபகத்தில் நின்றிருக்காது.

குறைகளும் உண்டு. லைன் ஒருநாள் முன்னதாகச் சரியாவது கதாசிரியருக்குக் கொஞ்சம் அதிகமாகவே வசதி. பெரிய குறை, ஷோபாவின் உள்பக்கம் கடைசிவரை மூடியே கிடப்பது. எதற்காகப் போகிறாள்? அவன் அன்று உடன் இல்லாததாலா, தானே அனுப்பி வைத்தது உறுத்துவதாலா? அவளுடைய அம்மா ஷுகுமாரிடம் சொல்லும் ஒரே ஒரு பேச்சில், நீதான் அப்போது அங்கே இல்லையே என்பதில், லேசாகக் கோடி காட்டப்படுகிறது, அவ்வளவுதான். ஹெமிங்வேயின் 'கேட் இன் தி ரெயின்' கதையிலும் ஹோட்டல் அறையில் கணவன் புத்தகமும் கையுமாகப் படுத்தபடியே மனைவிக்குப் பதில் சொல்கிறான். ஆனால் அங்கே அவளுடைய ஏக்கம் நமக்கு நேராகத் தெரியும். ஷோபாவுக்கு அந்த நியாயம் கிடைக்கவில்லை.

இதைப் பார்த்து எழுத முயல்கிறவர்கள் கடைசி இரவிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள், அதனால் அதிர்ச்சி மட்டும் மிஞ்சுகிறது. அந்த அதிர்ச்சிக்குத் தேவையானதெல்லாம் முன்பக்கங்களில் அலமாரி, தேதி, கரண்டி என்று சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. முடித்தவுடன் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் பாருங்கள். ஜிம்மிலிருந்து வந்த ஷோபா அந்த அறிவிப்பைச் சத்தமாகப் படிக்கிறாள். அடுப்படியில் கணவன் நிற்கிறான். அவனுக்காக என்பதைவிட, தனக்காகத்தான் படிக்கிறாள்.