பிளின்ட் ரிட்ஜ்: பாதியில் விட்ட கல்முனையைப் புரிந்துகொள்ள ஏற்ற இடம்

அமெரிக்காவின் ஓஹியோவில் உழுத வயலில் பழங்காலக் கல் அம்பு முனை தேடிப் போகிறவர்களுக்கு முழுசான முனை கிடைப்பது அபூர்வம். உடைந்த துண்டும் சில்லும்தான் அதிகம் கிடைக்கும், அப்புறம் இலை வடிவில், தடிப்பாக, அடியில் தண்டோடு சேர்த்துக் கட்டுவதற்கான வெட்டு எதுவும் இல்லாமல், ஓரம் நெளிநெளியாக ஒரு கல் கிடைக்கும். குழப்புவது அதுதான். கத்தியா, சுரண்டியா, இல்லை ஈட்டி முனையாக வரவேண்டியதைப் பாதியில் விட்டுவிட்டார்களா? அப்படி ஒரு கல்லை வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்கள் முதலில் போகவேண்டிய இடம் அதே ஓஹியோவில் இருக்கும் பிளின்ட் ரிட்ஜ் என்று தயங்காமல் சொல்வேன்.

காரணம் எளிது. மற்ற அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருப்பவை பெரும்பாலும் அழகாக முடித்த முனைகள். பிளின்ட் ரிட்ஜோ கல் வெட்டி எடுத்த இடம். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாத கடல் இருந்த இடத்தில் உருவான வான்போர்ட் பிளின்ட் என்ற சிக்கிமுக்கிக் கல், நீளமான ஒரு மேட்டில் தரைக்கு அருகிலேயே கிடைக்கிறது. பனியுகக் கடைசியில் இருந்த வேட்டைக்காரர்கள் தொடங்கி, 2000 ஆண்டுகளுக்கு முந்தைய ஹோப்வெல் பண்பாட்டுப் பூர்வகுடி மக்கள் வரை இங்கே கல் எடுத்திருக்கிறார்கள். காட்டுக்குள் நடந்தால் அவர்கள் தோண்டிய குழிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, பலவற்றில் இன்று தண்ணீரும் சருகும். அருங்காட்சியகக் கட்டடத்தையே அப்படி ஒரு குழியின் மேல்தான் கட்டியிருக்கிறார்கள். வேலை நடந்த இடம் என்பதால் சரியாக வராமல் தூக்கிப் போட்டவையும் இங்கேதான் விழும், பாதி வேலையைப் பார்த்தால்தானே பாதியில் நின்றதைப் புரிந்துகொள்ள முடியும்.

என்னிடம் இருந்தது உள்ளங்கை நீளத்தில் சாம்பல் நீலக் கல், தெரிந்தவரின் மக்காச்சோள வயலில் அவர் அனுமதியோடு எடுத்தது. முதலில், படம் அனுப்பினால் காசு வாங்கிக்கொண்டு சான்றிதழ் தரும் ஒரு ஆன்லைன் சேவையில் கேட்டேன். ‘ஆர்க்கெயிக் காலக் கத்தி’, அதாவது பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கத்தி என்று பதில் வந்தது. எந்த ஊரில் கிடைத்தது என்று கேட்கவில்லை, பக்கவாட்டுப் படமும் கேட்கவில்லை. அந்தப் பக்கவாட்டுத் தோற்றத்தில்தான் பாதி விடை இருக்கிறது, அதைப் பார்க்காமல் எழுதிய காகிதத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

செப்டம்பர் தொடக்கத்தில் லேபர் டே (அமெரிக்கத் தொழிலாளர் தினம்) வார இறுதியில் பிளின்ட் ரிட்ஜில் கல் செதுக்குபவர்கள் கூடுவார்கள், நேப்-இன் என்பார்கள். போவதானால் அப்போது போங்கள். அங்கே ஒரு பெரியவர் என் கல்லை வாங்கியதும் முகப்பைப் பார்க்கவே இல்லை, ஓரத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துத் திருப்பினார். நடுவில் ஒரு திமில். அதைத் தட்டி எடுக்க இரண்டு பக்கத்திலிருந்தும் முயன்றிருக்கிறார்கள், ஒவ்வொரு அடியும் முழுத் தூரம் ஓடாமல் பாதியிலேயே படிபோல முறிந்து நின்றிருக்கிறது. படி மேல் படியாக விழுந்துவிட்டால் அதற்கு மேல் அந்த இடத்தை மெலிதாக்குவது மிகக் கடினம், அதனால்தான் விட்டுவிட்டார்கள் என்றார். ஓரத்தில் ஒரு இடம் வழுவழுப்பாக இருந்ததே, அதைத்தான் வெட்டப் பயன்படுத்தியதால் வந்த தேய்மானம் என்று அந்தச் சேவை எழுதியிருந்தது. அவர் ஒரு புதுக் கல்லை எடுத்து, அடிக்கும் முன் ஓரத்தை முரட்டுக் கல்லில் தேய்த்துக் காட்டினார். ஓரம் கூராக இருந்தால் அடி விழும்போது நொறுங்கிவிடும், தேய்த்து வலுவாக்கினால்தான் சில்லு நீளமாகக் கழன்று வரும். அதே வழுவழுப்பு என் கண் முன்னாலேயே உருவானது! கடின உருண்டைக் கல்லால் அடித்தால் ஆழமான குழி, மான் கொம்பால் அடித்தால் அகலமாக மெல்லிய சில்லு, கடைசியில் கொம்பு நுனியை வைத்து அழுத்தினால் ஓரத்தில் சின்னச் சின்னச் சில்லுகள். என் கல்லில் முதல் இரண்டின் தடம் இருக்கிறது, கடைசி வேலையின் தடமே இல்லை. அதாவது அது கத்தியாக முடிந்த பொருள் அல்ல, ப்ரீஃபார்ம், முனையாகச் செதுக்கி முடிக்காத பாதி வடிவம்.

எந்தக் காலத்தது என்று அவர் சொல்லவில்லை, அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. முனையின் காலத்தைச் சொல்ல அடிப்பகுதியின் வடிவம்தான் முக்கியமாக உதவும், அதுவே இன்னும் செய்யப்படாதபோது எதை வைத்துச் சொல்வது? கிடைத்த வயலை வரைபடத்தில் குறித்து வைக்கச் சொன்னார், அதே இடத்தில் முழு முனை கிடைத்தால் துப்பு ஆகலாம்.

விலை மதிப்பிட வேண்டும், சான்றிதழ் வேண்டும் என்று வருகிறவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது. இங்கே தரையில் கிடக்கும் ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது, பாதுகாக்கப்பட்ட இடம். கொலம்பஸிலிருந்து ஐ-70 சாலையில் கிழக்கே வந்து பிரவுன்ஸ்வில்லில் வடக்கே திரும்பவேண்டும். அருங்காட்சியகம் ஆண்டு முழுதும் திறந்திருக்காது, நேரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். செதுக்கும் இடத்துக்கு மூடிய ஷூ போட்டுக்கொண்டு போங்கள், பிள்ளைகளுக்குக் கண்ணில் பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும், பறக்கும் சில்லு பிளேடு மாதிரி வெட்டும்.