ஒரே ஓர் ஆண்டின் சௌ என்லாய்: ஷாங்காய் சினான் சாலை நினைவில்லம்

ஷாங்காய் நகரின் பழைய பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியில் சினான் சாலை 73ஆம் எண் வீடு, 1949 முதல் 1976இல் இறக்கும் வரை சீனாவின் பிரதமராக இருந்த சௌ என்லாயின் நினைவில்லமாகப் பராமரிக்கப்படுகிறது. பிரதமரைப் பார்க்கலாம் என்று போகிறவருக்கு இங்கே அவர் கிடைக்கமாட்டார். 1946ஆம் ஆண்டில், முறிந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்த ஒரு பேச்சுவார்த்தையைக் கடைசி வரை விடாமல் நடத்திய 48 வயதுக் கம்யூனிஸ்ட் கட்சிப் பிரதிநிதிதான் இந்த வீட்டில் இருக்கிறார். அவருடைய அரசதந்திரத் திறமையைப் புரிந்துகொள்ள, பிற்கால வெற்றிகளை அடுக்கிக் காட்டும் பெரிய கூடங்களைவிட இந்தத் தோல்வியின் வீடே நல்ல இடம் என்பது என் கருத்து.

வீட்டின் பின்னணி தெரியாமல் உள்ளே நுழைந்தால் சாதாரண மேசை நாற்காலிகளைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. ஜப்பான் சரணடைந்த பிறகு, அப்போது சீனாவை ஆண்ட சியாங் கை ஷேக்கின் கோமிண்டாங் (தேசியக் கட்சி) அரசுக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் இடையே சமரசம் செய்துவைக்க அமெரிக்கா அனுப்பிய ஜார்ஜ் மார்ஷல் 1945 டிசம்பரில் சீனா வந்தார். 1946 ஜனவரி 10இல் போர்நிறுத்த உடன்பாடும் அறிவிக்கப்பட்டது. போர்க்காலத்தில் சோங்கிங்கில் இருந்த தலைநகரம் நான்ஜிங்குக்குத் திரும்பியதும் சௌ என்லாயின் தூதுக்குழுவும் அங்கே இடம்பெயர்ந்தது. செய்தியாளர்களும் தொழிலதிபர்களும் வெளிநாட்டவரும் நிறைந்திருந்த ஷாங்காயில் கம்யூனிஸ்ட் தூதுக்குழு அலுவலகம் திறக்க அரசு அனுமதிக்கவில்லை. ஆகவே, அப்போது மாஸ்னே தெரு 107ஆம் எண்ணாக இருந்த இந்த வீட்டை அமர்த்தி, ஜெனரல் சௌ என்லாயின் இல்லம் என்று சீனத்திலும் ஆங்கிலத்திலும் பொறித்த பலகையை வாசலில் மாட்டிவிட்டார்கள். அலுவலகத்துக்குத்தான் தடை, ஒருவர் குடியிருப்பதற்கு யார் தடை சொல்ல முடியும்? அந்தப் பலகையின் முன் சற்று நேரம் நின்று பார்க்க வேண்டும். எந்த விதியையும் மீறாமலே எதிராளியின் மறுப்பைச் செல்லாக்காசாக்கும் சாமர்த்தியம் அதில் இருக்கிறது.

உள்ளே சௌ என்லாய் பயன்படுத்திய அறையே அவருக்குப் படுக்கையறையாகவும் வேலையறையாகவும் இருந்திருக்கிறது. மேல்தளத்தில் உடன் பணியாற்றியவர்கள் தரையில் படுக்கை விரித்துத் தூங்கிய பொது அறை இருக்கிறது. தோட்டமும் கொடியேறிய சுவர்களும் கொண்ட ஒரு செல்வந்தர் வீட்டுக்குள் இப்படி நெருக்கியடித்து வாழ்ந்தார்கள் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, அந்த அறையின் அளவைக் கண்ணால் பார்ப்பது வேறு. தெருவின் எதிர்ப்புறத்திலிருந்து அரசின் உளவாளிகள் இந்த வாசலைக் கண்காணித்து வந்தார்கள் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் போனால், சாலை எவ்வளவு குறுகலானது என்பது உறைக்கும்.

இந்த வீட்டுக் கதையின் உச்சம் 1946 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வருகிறது. மீண்டும் போர் மூண்ட பிறகும் அரசுத் தரப்பு போர்நிறுத்தத்தைப் பற்றிப் பேசாமல் காலம் கடத்துவதை எதிர்த்து சௌ என்லாய் செப்டம்பர் நடுவில் நான்ஜிங்கை விட்டு ஷாங்காய்க்கு வந்துவிட்டார். பேச்சு மேசையிலிருந்து எழுந்தும் போகவில்லை, அதில் உட்காரவும் இல்லை. அவரைத் திரும்ப அழைக்க அக்டோபர் 9இல் மார்ஷலே விமானம் ஏறி ஷாங்காய்க்கு வந்தார். பலனில்லை, ஓரிரு நாளில் கம்யூனிஸ்டுகள் வசமிருந்த ஜாங்ஜியாகோவ் நகரம் அரசுப் படைகளிடம் வீழ்ந்தது. இருந்தும் அதே மாதம் நான்ஜிங் திரும்பிப் பேசிய சௌ, நவம்பர் 19இல்தான் கம்யூனிஸ்டுகளின் தலைமையிடமான யெனானுக்குப் புறப்பட்டார். பின்னர் சக கம்யூனிஸ்ட் தலைவர் டொங் பிவூவின் பொறுப்பில் நடந்த இந்த வீடும் 1947 மார்ச்சில் காலி செய்யப்பட்டது.

இது அரசு பராமரிக்கும் நினைவில்லம். பேச்சுவார்த்தை முறிந்ததில் இரு தரப்புக்கும் இருந்த பங்கையோ, கலாச்சாரப் புரட்சியின்போது மாவோவின் அருகில் நின்ற சௌ என்லாயைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் எழுப்பும் கேள்விகளையோ இங்கே தேடுவதில் பயனில்லை. அவற்றுக்கு நூலகம்தான் செல்ல வேண்டும். வெளியுறவு அமைச்சர் பொறுப்பையும் 1958 வரை சேர்த்துச் சுமந்த அவருடைய பிற்கால வாழ்க்கையையும் பார்வையாளர் தாமே தெரிந்துகொண்டு வருவது நல்லது: 1954இல் ஜெனீவா மாநாடு, 1955இல் பாண்டுங் மாநாடு, 1956 டிசம்பரில் நம் சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் வந்த பயணம், 1972இல் நிக்சனின் வருகை. ஷாங்காயிலேயே இருப்பதால் ஒன்றை மட்டும் சேர்த்துப் பார்த்துவிடலாம். அமெரிக்காவும் சீனாவும் 1972 பிப்ரவரி 28இல் வெளியிட்ட ஷாங்காய் அறிக்கையோடு தொடர்புடைய ஜின்ஜியாங் ஹோட்டல், இங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில்தான் இருக்கிறது. ஓர் அமெரிக்கத் தூதரோடு பேசி ஒன்றும் நடக்காமல் வெளியேறியவர், இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அதே நகரில் அமெரிக்க அதிபரோடு உடன்பாடு கண்டிருக்கிறார்.

நுழைவுக் கட்டணம் கிடையாது. வீடு சிறியது; அவசரமில்லாமல் பார்த்தாலும் ஒரு மணி நேரம் போதும். சுற்றியுள்ள பழைய மாளிகைகள் உணவகங்களும் கடைகளுமாக மாறிவிட்டதால் வார இறுதியில் தெருவில் கூட்டம் மிகும். வார நாளின் காலைப்பொழுதே உகந்தது. அருகில் சியாங்ஷான் சாலையில் சீனக் குடியரசை நிறுவிய சுன் யாட் சென் வாழ்ந்த வீடும் இருப்பதால் இரண்டையும் ஒரே அரைநாளில் முடித்துக்கொள்ளலாம். பேச்சுவார்த்தையின் மறுபாதியை அறிய விரும்புவோர் நான்ஜிங்கில் தூதுக்குழு தங்கியிருந்த மெய்யுவான் சின்சுன் நினைவகத்துக்கும், பிரதமர் சௌ என்லாயைக் காண விரும்புவோர் தியான்ஜினில் அவருக்கும் மனைவி டெங் யிங்சாவோவுக்கும் எழுப்பப்பட்ட நினைவுக்கூடத்துக்கும் செல்வதே சரி.